அம்பகரத்தூர் டூ அம்மா வீடு: பிரசவத்துக்கு ஊர் மாறும்போது எதைக் கவனிக்கணும்? | விளக்கம்

வளைகாப்பு முடிஞ்ச கையோட பொண்ணை அம்மா வீட்டுக்கு அழைச்சிட்டுப் போவாங்க. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது டெல்டா மாவட்டங்களில் இன்றும் மாறாத வழக்கம். ஆனால், அந்தப் பயணத்தில் ஒரு மாநில எல்லை குறுக்கே வந்தால் என்ன ஆகும்?

காரைக்கால் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் அம்பகரத்தூர் போன்ற ஊர்களில் இது தினசரி நடக்கும் விஷயம். புகுந்த வீடு புதுச்சேரி அரசின் கீழ். அம்மா வீடு தமிழ்நாடு அரசின் கீழ். நடுவில் சில கிலோமீட்டர் வயல்வெளிதான். ஆனால், கர்ப்பிணியின் ரத்த அளவு, சர்க்கரை, ஸ்கேன், ஊசி என எட்டு மாதமாகச் சேர்ந்த விவரங்கள் ஒரு பக்கம் இருக்கும். பிரசவம் இன்னொரு பக்கம் நடக்கும்.

கிராமப்புற மகப்பேறு சேவையை மேம்படுத்துவது என்றதும் புதுக் கட்டடம், புது ஆம்புலன்ஸ் என்றுதான் பேச்சு வரும். எல்லையோர ஊர்களில் அதற்கு முன்னால் கவனிக்க வேண்டியது இந்தக் ‘கைமாற்றம்’தான். ஏன்? விரிவாகப் பார்க்கலாம்.

அம்பகரத்தூர் எங்கே இருக்கு? இங்கே எல்லை எப்படி வந்தது?

புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் ஒரு பகுதி காரைக்கால். ஆனால், புதுச்சேரி நகரத்தோடு ஒட்டியிருக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே சுமார் 130 கிலோமீட்டர் தூரம், அவ்வளவும் தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த பகுதிகள் 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்தன. பழைய பிரெஞ்சு எல்லை அப்படியே யூனியன் பிரதேச எல்லையாகத் தொடர்கிறது.

நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் என மூன்று பக்கமும் தமிழ்நாட்டு மாவட்டங்கள். நான்காவது பக்கம் கடல். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி காரைக்கால் மாவட்டத்தில் சுமார் 2 லட்சம் பேர் வசிக்கிறார்கள்.

திருநள்ளாறு கொம்யூனில் இருக்கிறது அம்பகரத்தூர். பத்ரகாளியம்மன் கோயிலால் சுற்று வட்டாரத்தில் தெரிந்த ஊர். ஒரு பக்கம் திருநள்ளாறு வழியாகக் காரைக்கால் டவுனுக்குப் போகலாம். இன்னொரு பக்கம் திருவாரூர் மாவட்டத்தின் பேரளத்துக்குப் போகலாம். பொண்ணு கொடுக்கிறது, எடுக்கிறது எல்லாம் இந்த எல்லையைப் பார்த்து நடப்பதில்லை. அரசாங்கப் பதிவேடு மட்டும் எல்லையோடு நின்றுவிடுகிறது.

ஆஸ்பத்திரி பக்கத்துலதானே இருக்கு? அப்புறம் என்ன பிரச்னை?

நியாயமான கேள்வி. மலைக்கிராமங்களைப் போலத் தொட்டில் கட்டித் தூக்கி வர வேண்டிய நிலை இங்கே இல்லை. ஊரில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. காரைக்காலில் அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. சாலையும் பஸ்ஸும் இருக்கிறது.

ஆனால், தாய் இறப்புக்குத் தூரம் மட்டுமே காரணம் இல்லை. தாடியஸ், மெயின் என்ற இரு ஆய்வாளர்கள் 1994-ல் ‘மூன்று தாமதங்கள்’ என்று ஒரு விளக்கம் கொடுத்தார்கள். உலகம் முழுக்க மகப்பேறு சேவையை அளக்க இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

* முதல் தாமதம்: ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்று முடிவெடுப்பதில். “தலைவலிதானே, காலையில பார்த்துக்கலாம்” என்று விடுவது.
* இரண்டாம் தாமதம்: கிளம்பிய பிறகு போய்ச் சேருவதில். வண்டி, சாலை, மழை, கூட்டம்.
* மூன்றாம் தாமதம்: போய்ச் சேர்ந்த பிறகு சரியான சிகிச்சை கிடைப்பதில். டாக்டர், ரத்தம், மருந்து, பழைய ரிப்போர்ட்.

அம்பகரத்தூர் மாதிரியான ஊரில் இரண்டாவது தாமதம் ஓரளவு குறைந்துவிட்டது. முதலாவதும் மூன்றாவதும்தான் மிச்சம். ஊர் மாறும்போது இந்த இரண்டுமே கூடும் வாய்ப்பு அதிகம். புதிதாக வந்த ஊரில் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் முடிவு தள்ளிப்போகும். பிரசவ அறையில் இருக்கும் டாக்டருக்கோ அந்தப் பெண்ணின் எட்டு மாத வரலாறு தெரியாது.

வளைகாப்புக்குப் பிறகான வாரங்கள் ஏன் முக்கியம்?

வளைகாப்பு பெரும்பாலும் ஏழாம் மாதம் அல்லது ஒன்பதாம் மாதம் நடக்கும். அதாவது, கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில். உடம்பில் சிக்கல்கள் தலைகாட்டுவதும் பெரும்பாலும் அப்போதுதான்.

ரத்த அழுத்தம்: கர்ப்பகால ரத்த அழுத்தம் 20 வாரத்துக்குப் பிறகு வரக்கூடியது. பெரும்பாலும் கடைசி மாதங்களில் தெரியவரும். 140/90 அல்லது அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் வலிப்பில் கொண்டுபோய் விடலாம். ஐந்தாம் மாதத்தில் 110/70 இருந்தவருக்கு எட்டாம் மாதத்தில் 130/86 என்றால் அது ஏறுமுகம். பழைய அளவு தெரிந்தால்தான் அந்த ஏற்றமே கண்ணில் படும்.

ரத்தசோகை: தேசிய குடும்ப நல ஆய்வின் (2019-21) கணக்குப்படி இந்தியாவில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 48.3 சதவீதம். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, 7-க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை. சிலருக்கு மாத்திரை போதாமல் இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்றுவார்கள். அது பல தவணைகளாகவும் இருக்கலாம். பாதித் தவணையில் ஊர் மாறினால் மீதியை யார் போடுவது?

சர்க்கரை: கர்ப்பிணிக்கு 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு. இந்த எளிய முறை நாடு முழுக்கப் பரவியதில் சென்னையைச் சேர்ந்த மருத்துவர் வி.சேஷையாவின் பங்கு பெரியது. பரிசோதனையின் முடிவு பிரசவம் பார்க்கும் இடத்துக்குப் போய்ச் சேரவில்லை என்றால், குழந்தை பிறந்ததும் அதற்குச் சர்க்கரை குறைகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது யாருக்கும் தெரியாமல் போகும்.

ரத்தப்போக்கு: குழந்தை பிறந்த பிறகு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் போனால் அது ஆபத்து. கவனிக்காவிட்டால் 2 மணி நேரத்திலேயே உயிர் போகலாம். ரத்தசோகை உள்ளவருக்கு அதற்கும் குறைவான இழப்பே தாங்காது. அதனால், ரத்த வகை, கடைசி ஹீமோகுளோபின் அளவு, முந்தைய பிரசவத்தில் ரத்தப்போக்கு இருந்ததா என்ற மூன்று தகவலும் அந்த நேரத்தில் டாக்டர் கையில் இருக்கணும்.

எந்த ஆஸ்பத்திரியில் எது கிடைக்கும்?

எல்லா ஆஸ்பத்திரியும் ஒன்று இல்லை. மூன்று படிகளாகப் புரிந்துகொள்ளலாம்.

முதல் படி, துணை சுகாதார நிலையமும் ஆரம்ப சுகாதார நிலையமும். சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது தேசிய அளவுகோல். பதிவு, மாதாந்திரப் பரிசோதனை, தடுப்பூசி, இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் இங்கே கிடைக்கும். பிரசவ வசதி உள்ள இடங்களில் சிக்கல் இல்லாத சுகப்பிரசவமும் பார்ப்பார்கள்.

இரண்டாம் படி, அறுவை சிகிச்சை அரங்கும் ரத்தமும் இருக்கும் மருத்துவமனை. மகப்பேறு மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், குழந்தை மருத்துவர் மூவரும் இருந்தால்தான் நள்ளிரவில் சிசேரியன் செய்ய முடியும். காரைக்கால் பகுதிக்கு அரசு பொது மருத்துவமனை, எல்லைக்கு அந்தப் பக்கம் மயிலாடுதுறை, கும்பகோணம் அரசு மருத்துவமனைகள் என்று ஊரைப் பொறுத்து இது மாறும்.

மூன்றாம் படி, தீவிர சிகிச்சை வசதி உள்ள பெரிய மருத்துவமனை. புதுச்சேரியில் ஜிப்மர், ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை ஆகியவை இருக்கின்றன. தமிழ்நாட்டுப் பக்கம் திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரியும் தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனையும் இருக்கின்றன.

நிர்வாக ரீதியாகப் பார்த்தால் அம்பகரத்தூர் பெண்ணுக்குப் பெரிய ஆஸ்பத்திரி புதுச்சேரியில். தூரத்தைப் பார்த்தால் திருவாரூர் அதைவிடப் பல மடங்கு பக்கம். அவசர நேரத்தில் எங்கே போவது என்பதை வலி வந்த பிறகு யோசிக்கக் கூடாது. டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு அட்டையில் எழுதி வாங்கணும்.

வேற மாநிலம்னு சொல்லித் திருப்பி அனுப்புவாங்களா? காசு கேட்பாங்களா?

நிறைய குடும்பங்களுக்கு இருக்கும் பயம் இது. மத்திய அரசின் ‘ஜனனி சிசு சுரக்‌ஷா காரியக்ரம்’ திட்டம் 2011 ஜூன் 1-ல் தொடங்கப்பட்டது. அரசு மருத்துவமனைக்குப் பிரசவத்துக்கு வரும் எந்தக் கர்ப்பிணிக்கும் இது பொருந்தும். சொந்த ஊர் எது என்பது இதற்கு நிபந்தனை இல்லை.

என்னென்ன இலவசம்?

* சுகப்பிரசவம், சிசேரியன் இரண்டும்
* மருந்து, பரிசோதனை, தேவைப்பட்டால் ரத்தம்
* சுகப்பிரசவத்துக்கு 3 நாள், சிசேரியனுக்கு 7 நாள் வரை உணவு
* வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கும், ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கும், பிறகு வீட்டுக்கும் வண்டி
* பிறந்த குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் சிகிச்சை

ஆனால், பண உதவித் திட்டங்கள் அப்படி இல்லை. தமிழ்நாட்டின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் கிடைக்கும் 18,000 ரூபாய் மதிப்பிலான உதவி தமிழ்நாட்டில் வசிப்பவர்களுக்கானது. திருமணத்துக்குப் பிறகு ரேஷன் அட்டையில் பெயர் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சிக்கல் வரலாம். மத்திய அரசின் ‘பிரதம மந்திரி மாத்ரு வந்தனா யோஜனா’ நாடு முழுவதற்கும் பொது. முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய். இரண்டாவது பெண் குழந்தையாக இருந்தால் 6,000 ரூபாய். பிரசவம் எல்லை தாண்டி நடக்கப் போகிறது என்றால், எந்தப் பக்கம் விண்ணப்பிப்பது என்பதைக் கிளம்புவதற்கு முன்பே அங்கன்வாடியிலும் சுகாதார நிலையத்திலும் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

பிக்மி எண் எதுக்கு?

தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளின் விவரங்கள் ‘பிக்மி’ என்ற கணினிப் பதிவில் ஏறும். அதில் கிடைக்கும் எண்ணைத்தான் ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள். குழந்தையின் பிறப்பைப் பதியும்போதும் அந்த எண் தேவைப்படும். காரைக்காலில் பரிசோதனைக்குப் போய்க்கொண்டிருந்த பெண், ஒன்பதாம் மாதத்தில் தமிழ்நாட்டுக்கு வந்தால் இங்கேயும் பதிவு செய்ய வேண்டியிருக்கும். அம்மா வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே அந்த ஊர் கிராம சுகாதார செவிலியரைப் பார்த்துவிட்டால் அலைச்சல் மிச்சம்.

இன்னொரு விஷயம்: குழந்தை எந்த ஊரில் பிறக்கிறதோ அந்த ஊரில்தான் பிறப்பு பதிவாகும். 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்கிறது 1969-ம் ஆண்டு பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம். அப்பா, அம்மா வீடு காரைக்காலாக இருந்தாலும், திருவாரூரில் பிறந்தால் சான்றிதழ் தமிழ்நாட்டில்தான். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பல விஷயங்களுக்கும் இந்தச் சான்றிதழ்தான் ஆவணம். டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே பெயர், முகவரி எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கிறதா என்று சரிபார்ப்பது முக்கியம்.

மழையும் சனிப்பெயர்ச்சியும்

டெல்டாவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் நாகை அருகே கரையைக் கடந்தது. 2020 நவம்பரில் நிவர் புதுச்சேரி அருகே கடந்தது. புயல் எச்சரிக்கை வந்தால், பிரசவ தேதி நெருங்கிய பெண்களை முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்ச் சேர்த்துவிடுவது சுகாதாரத் துறை பின்பற்றும் நடைமுறை. இதற்கு யார் யாருக்கு எப்போது தேதி என்ற பட்டியல் வேண்டும். நேற்றுத்தான் ஊருக்கு வந்த பெண்ணின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்குமா? புகுந்த ஊர் பட்டியலில் இருக்கும் பெயரைத் தேடி அங்கே போனால் வீடு பூட்டியிருக்கும்.

அம்பகரத்தூருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. காரைக்கால் போகும் வழியில் திருநள்ளாறு. சனிக்கிழமைகளிலேயே கூட்டம் அதிகம். 2023 டிசம்பர் 20 சனிப்பெயர்ச்சி போன்ற நாட்களில் லட்சக்கணக்கான பக்தர்கள் வருவார்கள். அப்படிப்பட்ட நாளுக்குப் பக்கத்தில் பிரசவ தேதி இருந்தால், ஓரிரு நாள் முன்னதாகவே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் போய்த் தங்குவது பற்றி டாக்டரிடம் பேசிவிடலாம்.

மற்ற இடங்களில் எப்படிச் சமாளித்தார்கள்?

தமிழ்நாடு: 2004-06 காலகட்டத்தில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 111 ஆக இருந்த தாய் இறப்பு விகிதம், 2018-20-ல் 54 ஆகக் குறைந்தது. இதே காலத்தில் இந்திய சராசரி 254-லிருந்து 97 ஆனது. தமிழ்நாடு செய்ததில் முக்கியமானது ஓர் எளிய ஏற்பாடு. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களை ஷிப்டு முறையில் போட்டு, 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க வைத்தது. ஒவ்வொரு தாய் இறப்பையும் பதிவு செய்து, எங்கே தாமதம் என்று விசாரிக்கும் வழக்கமும் 1990-களிலேயே தொடங்கிவிட்டது.

சிட்லிங்கி: தருமபுரி மாவட்டத்தின் மலைப்பள்ளத்தாக்கு. 1993-ல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி இருவரும் ஒரு குடிசையில் மருத்துவமனையைத் தொடங்கினார்கள். அந்த ஊர்ப் பழங்குடிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துச் செவிலியர்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் ஆக்கினார்கள். கர்ப்பிணிக்குத் தெரிந்த முகமே பரிசோதிக்க வந்ததால், முதல் தாமதம் அங்கேதான் உடைந்தது.

இலங்கை: 1926-ல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. பிறகு, நாடு முழுவதும் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குடும்ப நல உத்தியோகத்தர், அதாவது வீடு தேடி வரும் மருத்துவிச்சி நியமிக்கப்பட்டார். 1930-களில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 2,000-ஐத் தாண்டியிருந்த தாய் இறப்பு இப்போது 50-க்கும் கீழே. இந்தப் பெண்ணுக்கு நான் பொறுப்பு என்று சொல்ல ஓர் ஆள் இருந்ததுதான் அங்கே அடிப்படை.

மூன்று இடத்துக்கும் பொதுவான பாடம் ஒன்று உண்டு. எந்தக் கட்டத்திலும் கர்ப்பிணி ‘யாருடைய பட்டியலிலும் இல்லாத ஆள்’ ஆகிவிடக் கூடாது.

அப்போ, எல்லையோர ஊர்களில் என்ன மாறணும்?

1. செவிலியருக்குச் செவிலியர் போன். கர்ப்பிணி அம்மா வீட்டுக்குக் கிளம்பும் நாளில், இந்த ஊர் செவிலியர் அந்த ஊர் செவிலியரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். பெயர், தேதி, சிக்கல் என்ன என்ற மூன்று தகவல் போதும். பைசா செலவில்லாத வேலை. ஆனால், இதை வேலையின் ஒரு பகுதியாக எழுதி வைத்தால்தான் நடக்கும்.
2. இரு பக்கமும் செல்லுபடியாகும் பதிவு. ஒரு பக்கம் எடுத்த பரிசோதனை மறுபக்கக் கணினியிலும் தெரிந்தால் இரட்டைப் பதிவும் இரட்டை ரத்தப் பரிசோதனையும் தேவைப்படாது.
3. எல்லை பார்க்காத ரெஃபரல். அவசரத்துக்கு எந்த ஆஸ்பத்திரி பக்கமோ அங்கே அனுப்புவதற்கு இரு அரசுகளும் முன்கூட்டியே பேசி வைத்த ஏற்பாடு.
4. கூட்டு விசாரணை. மாதிரிப் பதிவு அமைப்பின் தாய் இறப்பு அறிக்கையில் சிறிய யூனியன் பிரதேசங்களுக்குத் தனி எண் வராது. காரைக்கால் பெண் தமிழ்நாட்டு ஆஸ்பத்திரியில் இறந்தால், இரு பக்க அதிகாரிகளும் சேர்ந்து விசாரித்தால்தான் தவறு எங்கே என்று தெரியும்.
5. பிரசவத்துக்குப் பிறகும் தொடர்ச்சி. குழந்தைக்கு மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ அம்மாவும் பிள்ளையும் புகுந்த வீட்டுக்குத் திரும்புவார்கள். இடையில் 6, 10, 14 வாரத் தடுப்பூசிகள் இருக்கின்றன. திரும்பி வரும்போதும் அதே போன் வேண்டும்.

குடும்பத்தினர் கவனத்துக்கு

அரசு மாறும்வரை காத்திருக்க முடியாது. வளைகாப்புக்குப் பிறகு கிளம்பும்போது சீர்வரிசையோடு இவற்றையும் எடுத்து வையுங்கள்:

* தாய்-சேய் பாதுகாப்பு அட்டை, எல்லா ஸ்கேன் ரிப்போர்ட், ரத்தப் பரிசோதனை முடிவுகள். அட்டையின் எல்லாப் பக்கத்தையும் போனில் போட்டோ எடுத்து வீட்டில் இரண்டு பேரிடம் வைத்துக்கொள்ளுங்கள்.
* ரத்த வகை அட்டையில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நெகட்டிவ் வகை என்றால் கண்டிப்பாக டாக்டரிடம் சொல்ல வேண்டும்.
* ஆதார், வங்கிப் புத்தகம், ரேஷன் அட்டை நகல்.
* போய்ச் சேர்ந்த ஒரு வாரத்துக்குள் அந்த ஊர் சுகாதார நிலையத்தில் ஒரு பரிசோதனை. ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கான சிறப்பு முகாம் நடக்கும். அதையும் பயன்படுத்தலாம்.
* எந்த ஆஸ்பத்திரி, யார் கூட வருவது, ரத்தம் தேவைப்பட்டால் யார் கொடுப்பது என்று முன்பே பேசி முடிவு செய்யுங்கள்.

உடனே 108-ஐக் கூப்பிட வேண்டிய அறிகுறிகள்: ரத்தப்போக்கு, வலிப்பு, விடாத தலைவலி, கண் மங்குவது, முகமும் கையும் திடீரென வீங்குவது, நீர்க்குடம் உடைவது, குழந்தையின் அசைவு குறைவது, கடும் காய்ச்சல். இதில் எது வந்தாலும் “விடியட்டும்” என்று காத்திருக்க வேண்டாம்.

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவது நல்ல வழக்கம்தான். பக்கத்தில் அம்மா இருப்பது எந்தப் பெண்ணுக்கும் தைரியம். அவள் எல்லை தாண்டிப் போகும்போது அவளுடைய எட்டு மாத மருத்துவ விவரமும் கூடவே போகணும். இப்போதைக்கு அதைக் கொண்டுபோவது அந்த அட்டைதான். அதனால், பையில் முதலில் வைக்க வேண்டியதும் அந்த அட்டைதான்.